அலையமுது அருந்தும் முறை

கடலை உண்டாக்கியது இயற்கை. அதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் கடற்கரையை உண்டாக்கியது சுற்றுலா மேம்பாட்டு அலுவலகம். அதற்கு முன்பு அங்கே இருந்ததெல்லாம் மணல், ஈரம், மீன் வாடை, அந்த வாடையிலேயே பிழைத்துக்கிடந்த சில ஆயிரம் பேர், அவ்வளவுதான். அந்த இடத்துக்குக் ‘கரையோர அனுபவ மண்டலம்’ என்று பெயர் சூட்டி, நீல நிறத்தில் ஒரு பலகை நட்டு, ‘அந்தப் பலகையைத் தொடாதீர்’ என்று பக்கத்திலேயே இன்னொரு பலகையும் நட்ட பிறகுதான் உலகம் அந்தத் திசையில் தலையைத் திருப்பியது.

அலுவலகம் துறைமுகத்துப் பழைய சரக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே வலை மூட்டைகள், மேலே கோப்பு மூட்டைகள். அங்கே கூட்டக் குறிப்பு எழுதுவதற்கென்றே ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைக் குறிப்பாளர் என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு ஆண்டுகளாக அவர் தற்காலிக ஊழியர். அந்தத் தற்காலிகத்தை அலுவலகம் நிரந்தரமாகக் கடைப்பிடித்து வந்தது.

அவருடைய திறமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். என்ன பேசியிருக்க வேண்டுமோ அதை எழுத ஒரு கை வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டால், ‘உறுப்பினர்கள் நெருங்கிக் கலந்துரையாடினர்’ என்று எழுதுவார். தலைமை வகித்தவர் குறட்டை விட்டால், ‘ஆழ்ந்து பரிசீலித்தார்’. இப்படிப்பட்டவர் ஒரு பொய்கூட எழுதியதில்லை என்று அவருடைய மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

தலைநகரத்திலிருந்து புதிதாக வந்திருந்த இயக்குநர், பயணிகளுக்காக மூன்று நாள் உணவு மற்றும் பான விழா ஒன்றை நடத்துவது என்று முடிவெடுத்தார். எடுத்த முடிவை எடுக்கலாமா என்று ஆலோசிக்க ஒரு கூட்டம் போட்டார். விழாவின் பெயர் ‘அலைச்சுவைப் பெருவிழா’. ஊரார் அதை மறுநாளே ‘அலைச்சல் விழா’ ஆக்கிவிட்டார்கள். அது குறிப்பில் ஏறவில்லை.

முதல் பொருள், உணவு. தலைநகரத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சுவை வல்லுநர் எழுந்தார். படகுத்துறையில் தகரக் கூரைபோட்ட ஒரு சாப்பாட்டுக் கடை இருப்பதாகவும், விடிவதற்குள் அங்கே மீன் வறுபட்டுவிடுவதாகவும், சுமை இறக்குபவர்களும் பளுதூக்கி ஓட்டுபவரும் வலை தைப்பவர்களும் நான்கு பெஞ்சுகளில் நெருக்கியடித்துச் சாப்பிடுவதாகவும், தாமும் முந்தின நாள் அங்கே சாப்பிட்டுப் பார்த்ததாகவும் அவர் தெரிவித்தார்.

“எப்படி இருந்தது?” என்று இயக்குநர் கேட்டார்.

“ரொம்ப நல்லா இருந்தது சார். அதுதான் பிரச்சினை. வயிறு நிறைஞ்சுபோகுது. வயிறு நிறைஞ்ச பயணி அடுத்த அரங்குக்குப் போகமாட்டான். போய்ப் படுத்துடுவான். அதோட, அங்க சாப்பிடும்போது எனக்கு எந்த அனுபவமும் ஏற்படலை. சாப்பிட்ட மாதிரி மட்டும்தான் இருந்தது.”

உறுப்பினர்கள் கவலையோடு தலையசைத்தார்கள். ஆகவே உணவைத் தலைநகரத்து நிறுவனம் ஒன்று கொண்டுவரும் என்றும், அது ‘கரையோர உணர்வு கொண்ட சிறு கவளங்களாக’, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தின் அளவில், பெரிய தட்டின் நடுவே வைத்துத் தரப்படும் என்றும் தீர்மானமாயிற்று. குறிப்பாளர் குனிந்த தலை நிமிராமல் அதை எழுதினார். தகரக் கூரைக் கடை அவருடைய மனைவியுடையது.

இரண்டாவது பொருள், பானம். இங்கேதான் கூட்டம் முட்டுச்சந்தில் போய் நின்றது. அந்தப் பகுதிக்கென்று ஒரு பானமே இல்லை. மக்கள் என்ன குடிக்கிறார்கள் என்று இயக்குநர் கேட்டார். தண்ணீர் என்றார் ஒருவர். தேநீர் என்றார் இன்னொருவர். வேறெதுவும் இல்லையா என்று கேட்டபோது, இன்னும் கொஞ்சம் தேநீர் என்றார் அவரே.

“பாரம்பரியப் பானம் இல்லாம பான விழா எப்படிங்க நடத்துறது?” என்று இயக்குநர் குரலை உயர்த்தினார். உயர்ந்த குரல் பாதியில் கரகரத்து நின்றுவிட்டது. அவருக்கு எப்போதுமே தொண்டை சரியில்லை. செருமிக்கொண்டே கையை நீட்டி, மேசையில் பக்கத்திலிருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டார்.

அது அவருடைய தம்ளர் அல்ல. குறிப்பாளருடையது. அதில் இருந்தது தேநீரும் அல்ல. இரண்டு நாளாகக் குறிப்பாளருக்குத் தொண்டைக்கட்டு. மாமியார் வெந்நீரில் கல்லுப்பும் மிளகுத்தூளும் கலக்கி, மணிக்கொரு தரம் கொப்பளித்துத் துப்புமாறு ஒரு சீசாவில் கொடுத்தனுப்பியிருந்தார். கூட்டம் நீண்டுகொண்டே போனதால் அதைத் தம்ளரில் ஊற்றி, எழுந்து போக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.

இயக்குநரின் முகம் ஒரு சுற்றுச் சுற்றி, பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. “இது என்ன?” என்றார்.

உண்மையைச் சொல்ல நான்கு சொற்கள் போதும். ஆனால் ஆறு பேர் முன்னிலையில், ஓர் இயக்குநரைப் பார்த்து, நீங்கள் குடித்தது வாய் கொப்பளிக்கும் தண்ணீர் என்று பதினோரு ஆண்டுத் தற்காலிகம் எப்படிச் சொல்லும்?

“எங்க வீட்டுல செய்யறதுங்க சார்” என்றார் குறிப்பாளர். அது பொய் இல்லை.

“ரொம்ப நாளாவா?”

“மாமியார் காலத்துலேருந்துங்க.” அதுவும் பொய் இல்லை.

இயக்குநர் கண்ணை மூடினார். கரகரப்பு போய் அவர் தொண்டை கணீரென்று திறந்துகொண்டதை அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். “தேடிட்டே இருந்தோம். நம்ம மேசை மேலயே இருந்திருக்கு” என்றார் அவர்.

மீதிப் பாதி கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. சுவை வல்லுநர் ஒரு மிடறை நாக்கில் உருட்டிவிட்டு, முதலில் கடல் வருகிறது, பிறகு கடல் போகிறது, கடைசியில் ஒரு துறைமுகம் மிஞ்சுகிறது என்று அறிவித்தார். மற்ற உறுப்பினர்களும் தங்களுக்கும் துறைமுகம் மிஞ்சியதாகச் சொன்னார்கள். அந்த நிமிடமே அதற்கு ‘அலையமுது’ என்று பெயரிட்டார்கள். தொண்டைக்கட்டோடு வந்த குறிப்பாளர், கொப்பளிக்காமலே தொண்டைக்கட்டோடு வீட்டுக்குப் போனார்.

ஒரு பானத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டால் அடுத்து அதற்கு வயது கிடைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு ஒரு வரலாற்றுப் பேராசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. கூட்டக் குறிப்பில் ‘மாமியார் காலம்’ என்ற சொற்களைக் கண்டதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம். பொற்காலம் தெரியும், இருண்ட காலம் தெரியும், இப்படி ஒரு காலம் இதுவரை யார் கண்ணிலும் படவில்லையே என்று உருகினார். நேரில் சான்று தேடி, குறிப்பாளரையும் கூட்டிக்கொண்டு படகுத்துறைக் கடைக்கு வந்தார்.

மாமியார் கடைக்குப் பின்புறம் முக்காலியில் உட்கார்ந்து மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். பேராசிரியரைச் சாப்பிடச் சொன்னார். ஆய்வுக்கு வந்த இடத்தில் சாப்பிடுவதில்லை என்று பேராசிரியர் மறுத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தார்.

“அம்மா, இந்த உப்பும் மிளகும் கலந்த பானத்தை நீங்க தொன்றுதொட்டு அருந்தி வர்றீங்களா?”

மாமியாரின் கத்தி நின்றது. அருந்துவதா? அதையா? அவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் கடலைப் பார்த்தார். பெரிய மனிதர் ஒருவர் முன்னால் மாப்பிள்ளையின் பேச்சை மறுத்துப் பேசுகிற குடும்பத்தில் அவர் பிறக்கவில்லை.

“மாப்பிள்ளை என்ன சொன்னாரு?” என்று கேட்டார்.

“அருந்துறதா எழுதியிருக்காரு.”

“அப்ப அருந்துறோம்.”

“விசேஷ நாட்கள்லயா, எல்லா நாளுமா?”

“மாப்பிள்ளை எழுதினதுல எப்படி இருக்கு?”

“அதுல இல்லைம்மா.”

மாமியார் கொஞ்சம் யோசித்தார். “குளிர் காலத்துல கொஞ்சம் ஜாஸ்தி” என்றார். அது உண்மை. மூன்றே வாரத்தில் நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு நூல் வந்துவிட்டது. மாமியார் காலம் எழுநூறு ஆண்டுகள் நீடித்ததாகவும், அக்காலத்து மாலுமிகள் குளிர் பருவத்தில் அலையமுதின்றிக் கடலேறியதில்லை என்றும் அதில் அடிக்குறிப்புகளோடு நிறுவப்பட்டிருந்தது. ஒவ்வோர் அடிக்குறிப்பும் ‘கூட்டக் குறிப்பு, பத்தி ஏழு’ என்று முடிந்தது.

மாமியார் ‘மரபுக் காவலர்’ ஆனார். கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள ஒரு பதக்கம் கொடுத்தார்கள். மீன் சீவும்போது அது செதிலில் படுகிறது என்று முதல் வாரம் கழற்றிவைத்தார். இரண்டாம் வாரம் பதக்கம் கழுத்திலேயே இருந்தது. மீன் சீவுவதை விட்டுவிட்டார்.

அடுத்த கூட்டத்தில், அலையமுதுக்கு நிலையான ஒரு மாளிகை வேண்டும் என்ற யோசனை வந்தது. கடல் தெரிய வேண்டும், படகு தெரிய வேண்டும், மாலை வெயில் சாய்வாக விழ வேண்டும். வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போன இயக்குநர் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு தகரக் கூரை என்றார்கள். அகற்றிவிடலாமா என்றார். மறுப்பு ஏதும் இல்லாததால் தீர்மானம் நிறைவேறியது. அறையில் இருந்த ஏழாவது மனிதருக்கு மறுப்புச் சொல்லும் உரிமை இல்லை. அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

அகற்றல் அறிவிப்பைத் தட்டச்சு செய்ததும் அவர்தான். ‘பொருள்: பாரம்பரிய உணவு விழாவுக்கு இடையூறாக உள்ள உணவுக் கடையை அகற்றுதல் தொடர்பாக.’ ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. நேரில் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வர வேண்டும் என்பது விதி. போகிற வழியில்தானே உங்கள் வீடு என்று அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்.

மதிய நெரிசல் அடங்கியிருந்தது. மனைவி இரும்புச் சட்டியைச் சாய்த்து எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார். குறிப்பாளர் உறையைப் பலகை மேல் வைத்தார்.

“என்னங்க இது?”

“ஆபீஸ் கடிதம்.”

“யாருக்கு?”

“கடை உரிமையாளருக்கு.”

“நான்தானே அது?”

“ஆமா. ரெண்டாவது பிரதியில கையெழுத்துப் போடணும்.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, பிரித்துப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் குறிப்பாளர். தட்டில் சோறு போட்டு, அடுப்போரம் எடுத்துவைத்திருந்த நல்ல துண்டாக இரண்டு மீன் வைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே நின்றார். அவர் தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

“சாப்பாட்டு விழாவுக்குச் சாப்பாட்டுக் கடை இடைஞ்சல்னு எழுதியிருக்கீங்க. யோசிச்சுத்தான் எழுதினீங்களா?”

“நான் யோசிக்கிறதில்லை. குறிப்பெடுக்கிறேன்.”

“இது கொப்பளிக்கிற தண்ணின்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோற விஷயம். நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்” என்றார் குறிப்பாளர். மனைவி கையெழுத்துப் போட்டார். பிரதியில் எண்ணெய் வட்டமாகப் பரவியது.

மறுநாள் காலை குறிப்பாளர் சொல்லத்தான் செய்தார். இயக்குநரின் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, தொண்டைக்கட்டில் தொடங்கி மாமியாரின் சீசா வரை ஒன்றையும் மறைக்காமல் கொட்டிவிட்டார். இயக்குநர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, சொல்வது உண்மையாகவேகூட இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் கூட்டத்தின் குறிப்பு அடுத்த கூட்டத்தில் படித்து ஏற்கப்பட்டுவிட்டதே என்று வருந்தினார். உண்மைக்காக ஒரு குறிப்பைத் திருத்த விதியில் இடம் இல்லை.

“இன்னொண்ணையும் யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு ஆறு பேர் முன்னாடி நான் குடிச்சேன். நான் குடிச்சது பாரம்பரியமா, கொப்பளிக்கிற தண்ணியா? நீங்களே சொல்லுங்க.”

இயக்குநர் இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பினை எடுத்து மேசையில் வைத்தார். ‘பணி நிரந்தரம்’ என்று அட்டையில் எழுதியிருந்தது. கீழே குறிப்பாளரின் பெயர். இயக்குநர் அதைத் திறக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. விரலால் தட்டிக்கொண்டே, விழா நல்லபடியாக முடியட்டும் என்றார்.

தகரக் கூரை ஒரு காலையில் இறங்கியது. சுமைக்காரர்கள் வந்து பெஞ்சுகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். “நாளைக்கு எங்கக்கா சாப்பிடுறது?” என்று ஒருவர் கேட்டார். மனைவி கணவரைக் கை காட்டினார். குறிப்பாளர், விழாவில் சிறு கவளங்கள் கிடைக்கும் என்று சொன்னார். எவ்வளவு பெரிசு என்று அவர் கேட்டபோது கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

விழா தொடங்கியது. எப்படிப்பட்ட விழா! மாளிகை கட்ட நாள் போதாததால் கடை இருந்த இடத்தில் அப்போதைக்கு ஒரு மேடை எழுந்திருந்தது. புகைப்படத்தில் கடல் காலியாகத் தெரிய வேண்டும் என்பதால் மூன்று நாட்களுக்கு ஒரு படகும் கடலேறக் கூடாது என்று உத்தரவு. படகுகள் வண்ணக்கொடி கட்டிக்கொண்டு கரையில் வரிசையாக நின்றன. அவற்றின் முன்னால் நின்று பயணிகள் தலைநகரத்திலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வந்த கவளங்களைத் தேடித் தேடி உண்டார்கள். தட்டு பெரிதாக இருந்ததால் கண்டுபிடிப்பதற்கே சற்று நேரமாயிற்று. மேடையோரம் அகலத் தொப்பி போட்ட ஒரு பயணி குறிப்பாளரின் தோளைத் தொட்டு, இந்த ஊரில் நல்ல மீன் சாப்பிட இடம் எங்கே என்று தணிந்த குரலில் விசாரித்தார். நீங்கள் நிற்கிற இடம்தான் என்றார் குறிப்பாளர். பயணி மகிழ்ந்து, குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

அலையமுது கண்ணாடிக் குப்பிகளில் வழங்கப்பட்டது. ‘அருந்தியதும் முகம் சுளிப்பது மரபு’ என்று கையேட்டில் அச்சிட்டிருந்ததால், பயணிகள் மரபை வழுவாமல் கடைப்பிடித்தார்கள். இரண்டு குப்பி குடித்தவர்கள் மரபில் இன்னும் ஆழமாக இறங்கி, மணல்மேட்டுக்குப் பின்னால் குனிந்து நின்றார்கள்.

மேடையில் அலையமுதின் வரலாற்றை வாசிக்கும் பொறுப்பு குறிப்பாளருக்கு. மைக் முன்னால் நின்று தாளைப் பிரித்தவர், கூட்டத்தின் ஓரத்தில் மனைவியைப் பார்த்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, கூப்பிட்டால் வரலாம் என்பதுபோல நின்றிருந்தார். குறிப்பாளர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இது குடிக்கிறது இல்லைங்க” என்றார். மைக்கில் அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “தொண்டை கட்டினா வாயில ஊத்திக் கொப்பளிச்சுத் துப்புற தண்ணி. எனக்கு ஜலதோஷம்னு எங்க மாமியார் போட்டுக் கொடுத்தாங்க. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு.”

கடற்கரை அடங்கிப்போனது. கொடிகள் படபடப்பது மட்டும் கேட்டது. மனிதரின் பதினோரு ஆண்டுப் பணிவாழ்க்கையில் அதுவே பெரிய நிமிடம் என்பதில் சந்தேகமில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவியின் முகத்தில், கல்யாணமான புதிதில் பார்த்த ஒரு வெளிச்சம் இருந்தது.

முன்வரிசையில் பேராசிரியர் எழுந்தார். கண்ணில் நீர். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“இவ்வளவு நாள் நாம பாதி மரபைத்தான் கண்டுபிடிச்சிருந்தோம். மீதிப் பாதியை இப்பத்தான் இந்தப் பெரிய மனுஷர் வெளியிட்டிருக்கார். விழுங்குறது இல்லை. கொப்பளிக்கிறது. முன்னோர்கள் கடல்கிட்டேருந்து வாங்கினதைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்திருக்காங்க.”

இனிமேல் விழுங்க வேண்டியதில்லை என்பது புரிந்ததும் பயணிகளிடமிருந்து எழுந்த கைதட்டலை யாராலும் அடக்க முடியவில்லை. அத்தனை பேரும் வாயில் அலையமுதை ஊற்றி, வானத்தை அண்ணாந்து, கொளகொளவென்று கொப்பளித்தார்கள். இரண்டாயிரம் தொண்டைகள் ஒருசேர எழுப்பிய அந்த ஒலிக்கு நாய்கள் ஓடின. இயக்குநர் மேடைக்கு ஓடிவந்து குறிப்பாளரைக் கட்டிப்பிடித்தார். அன்று மாலையே உத்தரவு கைக்கு வந்துவிட்டது. பணி நிரந்தரம். பதவி, ‘மரபுப் பான அலுவலர்’. பதினோரு ஆண்டுகள் உண்மையை மூடி வைத்ததற்குக் கிடைக்காதது, ஒரே ஒரு நாள் திறந்ததற்குக் கிடைத்தது. நேர்மைக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வீட்டில் உத்தரவை மனைவியிடம் காட்டினார். மனைவி அதைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

“கடையைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே?”

“விழா முடியட்டும். இப்பத்தான் நிரந்தரமாயிருக்கு. உடனே போய்க் கேட்டா நல்லா இருக்காது.”

“தப்புன்னு அத்தனை பேருக்கு முன்னாடி சொன்னீங்களே?”

“சொன்னேன். அவங்க அதை ஏத்துக்கிட்டாங்களே, அதுக்கு மேல நான் என்ன பண்றது?”

மனைவி நிறைவு நாள் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தார். அதில் ‘பொதுமக்கள் கேள்வி நேரம்’ என்று ஓர் இனம் இருந்தது. “சரி, நானே கேட்டுக்கிறேன்” என்றார்.

நிறைவு நாள் நிகழ்ச்சி நிரலில் இரண்டு இனங்கள் மீதி இருந்தன. ஒன்று, மூன்று நிமிட மௌனக் கொப்பளிப்பு. அதாவது எல்லோரும் அலையமுதை வாயில் நிறைத்துக்கொண்டு, அசையாமல் கடலை எண்ணி நின்று, மணி அடித்ததும் துப்ப வேண்டும். மற்றது, பொதுமக்கள் கேள்வி நேரம். நேரம் கருதி இரண்டையும் ஒன்றாக நடத்துவது என்று இயக்குநர் முடிவு செய்தார். நிர்வாகம் என்றால் இதுதான்.

மணி அடித்தது. கன்னங்கள் புடைத்தன. சுமைக்காரர்களுக்கும் இலவசக் குப்பி கொடுத்திருந்ததால் அவர்களும் வாயை நிறைத்துக்கொண்டு நின்றார்கள். அப்போது மனைவி படியேறி மேடைக்கு வந்தார். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் வாயைத் திறந்து ‘நில்லுங்கள்’ என்று சொல்ல வேண்டும். அவர் மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

“எங்க கடை இருந்த இடத்துலதான் இந்த மேடை நிக்குது. விழாவுக்காகன்னு சொல்லி எடுத்தீங்க. இன்னையோட விழா முடியுது. கடையை எப்ப திரும்பப் போட்டுக்கலாம்?”

இயக்குநர் தம் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். பேராசிரியர் மரபுப்படி வானத்தைப் பார்த்தார். சுவை வல்லுநர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி கூட்டத்தைப் பார்த்தார். தினமும் அவர் கையால் சாப்பிட்ட முகங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. மேடையில் பதக்கத்தோடு உட்கார்ந்திருந்த தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார், பெரிய மனிதர்கள் முன்னால் துப்பக் கூடாதே என்று கலங்கிய கண்ணோடு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

கடைசியாக மனைவி கணவரைப் பார்த்தார்.

குறிப்பாளரின் கன்னங்களும் புடைத்திருந்தன. மேடையின் விளிம்பு அவருக்கு இரண்டு எட்டில் இருந்தது. விளிம்புக்குக் கீழே கடல். திரும்பித் துப்பிவிட்டு ஒரு வார்த்தை பேச இரண்டு நொடி போதும். அவர் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். மனைவி மூன்று நிமிடமும் காத்திருந்தார். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் குறிப்பாளருக்குத் தெரிந்தது.

மணி மறுபடி அடித்தது. இரண்டாயிரம் பேர் துப்பினார்கள். உடனே இசைக்குழு தொடங்கிவிட்டது. யாரோ வந்து மைக்கைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மனைவி படியிறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்குப் போய்ச் சட்டிகளையும் இரும்பு அடுப்பையும் ஒரு வண்டியில் ஏற்றினார். இரண்டு மணி நேரத் தொலைவில், பலகையே நடப்படாத ஒரு சின்னத் துறையில் அவருடைய அக்கா இருந்தார். போகும்போது கணவருக்குச் சோறு வடித்து மூடி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை மரபுப் பான அலுவலர் தமது புதிய நாற்காலியில் உட்கார்ந்து நிறைவு நாள் அறிக்கையை எழுதினார். விழா எல்லா வகையிலும் வெற்றி. பயணிகள் நெகிழ்ந்தனர். உள்ளூர் மக்கள் முழு மனதோடு பங்கேற்றனர். கடைசிப் பத்திக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சன்னல் வழியாகச் சிறிது நேரம் துறையைப் பார்த்தார். பிறகு குனிந்து, வழக்கமான தம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி முடித்தார்.

‘பொதுமக்கள் கேள்வி நேரம்: கேள்விகள் ஏதும் எழவில்லை.’

அதை எழுதும்போது அவர் வாயில் தண்ணீர் இல்லை.